ஒரு சோபாவைக் கரையேற்றுவது எப்படி

முதலில் சோபாவைச் சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் இழுங்கள். விலை, விளம்பரம், தானம், புண்ணியம் எல்லாம் அப்புறம். பல வருடங்கள் ஒரே இடத்தில் கிடந்த சாமானுக்கு முன்புறம் ஒரு முகம், பின்புறம் ஒரு முகம். இத்தனை காலம் விருந்தாளிகளுக்கு நீங்கள் காட்டியது முன்புறத்தை. வாங்க வருகிறவன் நேராகப் பின்புறத்துக்குத்தான் போவான். காணாமல் போன ரிமோட், ஒற்றைக் கொலுசு, யாரோ பாதி கடித்து வைத்த முறுக்கு, போன பொதுத் தேர்தலின் துண்டறிக்கை ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டுத் தரையில் கிடக்கும் தூளை விரலால் தொட்டுப் பாருங்கள். சோபாவின் ஜாதகம் அதில் இருக்கிறது.

கசகசா அளவில் மணிமணியாக உருண்டால் உலர்மரக் கரையான். மரத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, கழிவை மட்டும் சின்ன ஓட்டை வழியே வெளியே தள்ளும் சுத்தக்காரப் பூச்சி அது. முகப் பவுடர் பதத்தில் வழுக்கினால் துளைவண்டு. தூளே இல்லாமல், தரையிலிருந்து சோபாக் காலில் மண் கோடு ஏறியிருந்தால் நிலக் கரையான். அப்போது சோபாவைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். மூன்றில் எது இருந்தாலும் அந்தச் சாமானை விற்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். மீறிக் கொடுத்தால், வாங்கியவர் வீட்டுக் கூரை உள்ள வரைக்கும் உங்கள் பெயர் நிலைத்திருக்கும்.

மலேசியாவின் கேரித் தீவில் இந்தச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். லங்காட் ஆறு கரையிலிருந்து பிரித்து வைத்த இந்த மண் ஒரு காலத்தில் கண்டல் காடு. சுற்றிலும் மண்கரை எழுப்பி, மதகு வைத்து, வாய்க்கால் வெட்டிக் கடலைத் தள்ளி நிறுத்தித்தான் இங்கே தோட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஏற்றத்தின்போது கடல் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரும். இப்படிப்பட்ட இடத்தில், மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த அலமாரியை வாங்கி வைத்தவர் தைரியசாலி. அடிப்பக்கம் ஈரம் குடித்து ஊதும். கதவு ஒரு வருடம் மூட மறுக்கும், அடுத்த வருடம் திறக்க மறுக்கும். ஊதிய தூள்பலகை எந்த வெயிலில் வைத்தாலும் பழையபடி சுருங்காது. அதை ‘லேசான சேதம்’ என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தூள் இல்லை, ஊதலும் இல்லை என்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். செங்கால், மெர்பாவ், தேக்கு என்றால் சத்தம் அடங்கி வரும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அப்படிப்பட்ட சாமானை வைத்திருக்கிறவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். பாட்டி காலத்துத் தேக்கு என்று குடும்பமே சாதித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சாயம் பூசிய ரப்பர்க் கட்டைதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த மரத்தின் கதை நம் கதை. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி விறகாகவும் செங்கல் சூளைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் வெட்டிப்போட்ட சில நாளிலேயே நீலப் பூஞ்சை பூக்கும், வண்டு விழும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் அதே விறகு ஏற்றுமதி நாற்காலி ஆனது. ஜொகூரின் மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலில் செழித்தது. பாட்டன் சீவிய மரத்துக்குப் பேரன் முப்பத்தாறு மாதத் தவணை கட்டினான். ஆகவே ரப்பர்க் கட்டை மேசைக்கு விலை இல்லாமல் போகலாம், மரியாதை உண்டு. மூட்டு ஆடவில்லை என்றால் கொடுக்கலாம்.

இனித் துரை நாற்காலி விவகாரம்.

தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களில் ஏதாவது ஒரு சாய்வு நாற்காலி இருக்கும். அது துரை பங்களாவிலிருந்து வந்தது என்று ஒரு கதையும் இருக்கும். துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார் என்று முடியும் கதை. தீவுக்கே பெயர் கொடுத்தவர் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்கிற ஆங்கிலேயத் தோட்டக்காரர். அவருக்குப் பிறகு தோட்டம் கைமாறி, கோல்டன் ஹோப் ஆகி, 2007 இணைப்பில் சைம் டார்பி ஆகி, 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டுவிட்டது. நாற்காலிக் கதை மட்டும் அப்படியே நிற்கிறது. சொல்லப்படுகிற அத்தனை நாற்காலிகளும் அந்தப் பங்களாவில் இருந்திருந்தால் துரை நிற்பதற்கு இடம் இருந்திருக்காது.

கதையைச் சோதிக்க எளிய வழி உண்டு. நாற்காலியைக் கவிழ்த்து ஸ்குரு தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட தலை இருந்தால், கேரி துரை அதில் உட்கார்ந்திருக்க வழியில்லை. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் அந்த ஸ்குருவுக்குக் காப்புரிமை பெற்றது 1936இல்தான். ஒற்றைக் கோடு போட்ட தலை, அல்லது ஸ்குருவே இல்லாமல் மர ஆணி, காலை நீட்டிப் போட்டுக்கொள்ள நீண்ட கைப்பிடி, கையால் பின்னிய பிரம்பு இதெல்லாம் இருந்தால் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், துணியால் மூடி வையுங்கள். முக்கியமாகப் புது வார்னிஷ் அடிக்காதீர்கள். மேலே படிந்திருக்கும் பழுப்பு, பழைய சாமான் வியாபாரிக்குப் பிடித்த அழுக்கு. விற்கப் போகிறோமே என்று பளபளப்பாக்கிப் பாதி விலையைத் துடைத்து எறிந்த நல்லவர்கள் நம்மில் ஏராளம்.

உண்மையில் என்ன விலை போகிறது? இங்கேதான் குடும்பத்தின் மானம் கொஞ்சம் அடிபடும். ஹாலில் வைத்துக் காப்பாற்றியதெல்லாம் விலை போகாது. அடுப்படியிலும் பின்கட்டிலும் போட்டுவைத்தது விலை போகும். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிய சோபா, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரும் சாப்பிடாத தட்டுகளையும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளையும் அடுக்கிய ஷோகேஸ், மெத்தைத் தலைமாட்டில் ரேடியோ வைத்த இரட்டைக் கட்டில், இவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டி மிதித்துத் தைத்த சிங்கர் இயந்திரத்தின் இரும்புக் காலுக்கு இன்று கிராக்கி. அதன் மேல் ஒரு பலகையைப் போட்டால் காப்பிக் கடைக்கு மேசை. கம்பி வலை அடித்த சாப்பாட்டு அலமாரி, எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதற்கும் ஆள் உண்டு. சீனர் காப்பிக்கடை மூடியபோது யாரோ வாங்கிப் போட்ட மார்பிள் மேசையும் வளைமர நாற்காலியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மரத்தை ஆவியில் வளைத்து நாற்காலி செய்வதை உலகமெல்லாம் கொண்டுபோன மிக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலியின் வாரிசுகள் அவை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றினால், நம் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் சாமானெல்லாம் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நெஞ்சு வலிக்காரர்கள் துணையோடு போகவும்.

தீவின் இன்னொரு பக்கத்துக்குப் போய் விலையை ஒப்பிட வேண்டாம். சுங்கை பும்புன் கிராமத்து மா மெரி மக்கள் நீரே பாத்து என்கிற சிவந்த கண்டல் மரத்தில் செதுக்கும் மூதாதையர் சிலைகள் உலகப் பெயர் பெற்றவை. யுனெஸ்கோவின் கைவினை முத்திரையும் வாங்கியவை. அதே தீவு, அதே ஈரம், அதே மரம்தானே என்று உங்கள் சோபாக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு போனால், அவர்கள் சிரிக்க மாட்டார்கள், மிகவும் மரியாதையானவர்கள். அதுதான் இன்னும் சங்கடம்.

சரி, விலை வைப்போம். வீட்டில் உடனே ஒரு குரல் கேட்கும்: “அன்னிக்கே ரெண்டாயிரம் வெள்ளிங்க அது!” அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தவணை வட்டியையும் சேர்த்தால் மூவாயிரம் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும். அதையும் மறந்துவிடுங்கள். பழைய சோபாவின் விலை, வாங்குகிறவர் தர நினைக்கும் தொகையில் லோரிக் கூலியைக் கழித்து, தூக்குகிற இரண்டு பேருக்குக் கூலியைக் கழித்து, மிச்சம் இருப்பது. பாலம் தாண்டித் தீவுக்குள் வந்து போக ஒரு லோரிக்காரர் கேட்பதைக் கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் பெரும்பாலும் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அதாவது, சோபாவோடு சேர்த்து நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். இந்தச் செய்தியை வீட்டில் சொல்ல நல்ல நாள் பார்க்கவும்.

தோட்ட வீட்டில் இருப்பவருக்கு ஒரு சௌகரியம், எல்லாம் தரைமட்டம். ஓய்வு பெற்றுத் தோட்ட வீட்டைக் காலி செய்து, பந்திங்கிலோ கிள்ளானிலோ லிப்ட் இல்லாத ஐந்து மாடிக் குறைந்த விலை அடுக்ககத்துக்குப் போன குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து அளவுக்குச் செய்த அலமாரி படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கி, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல், மூன்றாம் மாடிக்காரர் தன் வீட்டுக்குள் போவதற்கே அதைத் திறந்து வழி தேட வேண்டியிருக்கும். அப்படி மேலே ஏறிவிட்ட சாமானுக்கு விற்பனை, தானம் எதுவுமே கிடையாது. அது அந்த வீட்டின் சுவர்.

கேரித் தீவுக்கு மட்டும் உரிய ஒரு விற்பனை உத்தி இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன். சாமானை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், ஊரை இங்கே வரவிடுங்கள். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் நண்டு சாப்பிடக் கார் கார்களாக வருகிறார்கள். வயிறு நிறைந்து, எண்ணெய்ப்பனை வரிசையைப் பார்த்துக் கிராம வாழ்க்கையின் மேல் திடீர்ப் பாசம் வந்த நேரம் அது. பழைய நாற்காலியைச் சாலையோர மரத்தடியில் போட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரை அதில் உட்கார வையுங்கள். ‘விற்பனைக்கு’ என்று அட்டை வைக்க வேண்டாம். அட்டை வைத்தால் அது குப்பை, வைக்காவிட்டால் அது பாரம்பரியம். காரை நிறுத்திக் கேட்டால் பெரியவர் முதலில் தர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பெரியவர் நிஜமாகவே தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அபாயம் உண்டு. அதற்கு இந்த வழிகாட்டி பொறுப்பல்ல.

இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. முடா தளத்திலோ முகநூலிலோ படத்தைப் போட்ட நிமிடத்தில் “இன்னும் இருக்கா?” என்று கேள்விகள் குவியும். இருக்கிறது என்று பதில் போட்டதும் கேட்டவர் காணாமல் போவார். இது வாங்கும் முயற்சி அல்ல, நலம் விசாரிப்பு. ‘நெகோ’, அதாவது பேரம் பேசலாம், என்று எழுதினால் பாதி விலைக்குக் கேட்பார்கள், எழுதாவிட்டாலும் பாதி விலைக்குக் கேட்பார்கள். சீனப் பெருநாளுக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கிள்ளான் தாமான்களில் உங்களுடையதைவிட நல்ல சோபாக்கள் அப்போது குப்பைத் தொட்டி ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

விற்க முடியவில்லை. மனம் இப்போது தானத்தின் பக்கம் திரும்புகிறது. தானம் செய்யும் ஆசை விற்பனை தோற்ற பிறகே நமக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள்; தப்பில்லை, வரிசை அப்படி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக்கூடாது என்று பழமொழி இருக்கிறது. முதியோர் இல்லத்தையும் அனாதை இல்லத்தையும் நடத்துகிறவர்கள் அந்தப் பழமொழியை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். முன், பின், அடி என்று மூன்று படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்காமல் வாங்கிய இல்லங்களில், மெத்தைகளை என்ன செய்வது என்று இல்லத்துக்காரர் காசு கொடுத்து லோரி பிடித்துக்கொண்டிருப்பார். உங்கள் குப்பைக்கு அவர்கள் கூலி.

இது புதுப் பழக்கமும் இல்லை. கடோபநிஷத்தின் கதையே இதில்தான் ஆரம்பிக்கிறது. வேள்வி செய்த தகப்பனார் கறக்கவும் முடியாத, ஈனவும் முடியாத கிழட்டுப் பசுக்களாகப் பார்த்துத் தானம் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையன் நசிகேதனுக்குப் பொறுக்கவில்லை. என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எரிச்சலில் தகப்பனார் எமனுக்கு என்று சொல்லிவிட, பையன் போயேவிட்டான். ஆன்ம விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு. ஸ்பிரிங் வெளியே தெரியும் சோபாவை இல்லத்துக்கு ஏற்றும்போது, வீட்டில் கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் டியூஷனுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாடுகளும் இதையே செய்கின்றன. தீவுக்குப் பக்கத்திலேயே, கோலா லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது ஜெஞ்சாரோம். 2018 தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவை இனி வாங்க மாட்டோம் என்று சீனா கதவைச் சாத்தியதும், பணக்கார நாடுகளின் பிளாஸ்டிக் இங்கே வந்து குவிந்தது. உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன; ராத்திரியில் எரித்த புகையை அக்கம்பக்கத்து மக்கள் சுவாசித்தார்கள். மறுசுழற்சிக்குக் கொடுத்தாயிற்று என்று அந்தப் பணக்கார நாடுகளில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நம் அரசு 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியது. உங்கள் சோபாவைத் திருப்பி அனுப்ப இல்லத்துக்காரருக்கு அமைச்சு ஒன்றும் கிடையாது.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இதே சாமானைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவீர்களா? வாய் திறக்காமல் யோசியுங்கள். அனுப்பலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். ஆடாத படிப்பு மேசை, துருப்பிடிக்காத இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, சுழலுகிற மின்விசிறி, கதவு மூடுகிற அலமாரி ஆகியவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகள் நல்ல பழைய சாமானை வாங்கித் தங்கள் கடையில் விற்று, அந்தப் பணத்தில் சேவை செய்கின்றன. முன்கூட்டியே பேசி, அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். கெஞ்சித் திணிப்பது தானத்தில் சேராது.

2021 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழைக்குப் பிறகு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கு வீடு தளவாடங்கள் தெருவில் மலையாகக் கிடந்தன. அந்த வாரம் நல்ல மெத்தையும் அடுப்பும் கொடுத்தவர்களை வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குவியலோடு குவியலாகத் தங்கள் வீட்டுப் பழசையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா என்று யோசித்தவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சம்பந்தி சோதனையில் தோற்ற சோபாவுக்கு வருவோம். போகிக்குக் கொளுத்திவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். சுற்றுச்சூழல் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்புக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் வைத்திருந்தது. 2024இல் அதையும் உயர்த்திவிட்டார்கள். அத்தனை விலை கொடுக்கத் தகுதியான சோபா இன்னும் செய்யப்படவில்லை. இரவோடு இரவாகப் பனைக் காட்டுக்குள் இறக்கிவிட்டு வருவது இன்னொரு பிரபல யோசனை. தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோர் வீட்டுச் சோபாவும் தெரியும். விடிவதற்குள் அது உங்கள் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும்.

பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு வரும்போது நிறுத்திக் கேட்கலாம். சீன அங்கிள் இறங்கி, ஒரு சுற்றுப் பார்த்து, “அண்ணே, இனி தா லாக்கு லா. பெசி அடா?” என்பார். விலை போகாது, இரும்பு இருக்கா என்று அர்த்தம். துணியைக் கிழித்து ஸ்பிரிங்கைத் தனியே எடுத்துக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்வார். மரச்சட்டம் கோழிக்கூட்டுக்குப் போகும். மிச்சத்துக்கு நகராண்மைக் கழகத்தைக் கூப்பிட்டு, பெரிய சாமான் எடுக்க எந்த நாள் வருவார்கள் என்று கேளுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் லோரிக்காரரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து ஒழித்துவிட வேண்டியதுதான். பழசைக் கழிக்க நேர்மையான வழி அநேகமாகச் செலவு வைக்கிற வழிதான்.

ஆனால் பணத்தை முன்கூட்டியே நீட்டாதீர்கள். சாமானை ஏற்றும்போது அவர் முகத்தையே பாருங்கள். ஏற்றிவிட்டுக் கயிறு கட்டும் நேரத்தில், பின்பக்கம் குனிந்து இன்னொரு தடவை பார்த்து, “இது என்ன கட்டைண்ணே?” என்று கேட்டாரானால், பணத்தைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, துரை பங்களாக் கதையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.